நோய்க்கும் பாக்கு வைத்து அழைக்க வேண்டுமா?

இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அப்பா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. நினைவு மலரில் நல்லதை மட்டும் எழுது என்று அம்மா சொன்னார். அப்பாவைப் பற்றி நல்லதைத்தான் எழுதப் போகிறேன். மற்றவர்களைப் பற்றி அந்த உறுதியைத் தர முடியாது.

உடையார்பாளையம் பக்கத்தில் முந்திரித் தோப்பு வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவர் அப்பா. சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தார். அவரை வளர்த்து ஆளாக்கியவர் அவருடைய அக்கா, அரியலூரில் வாழ்க்கைப்பட்ட எங்கள் அத்தை. மழை பொய்த்த காலத்திலும் தோப்பை விற்காமல் என்னையும் தம்பியையும் அப்பா படிக்க வைத்தார். சொந்தத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும் வீடு வீடாகப் பாக்கு வைத்து அழைக்க அவரைத்தான் முன்னே விடுவார்கள். எந்த வீட்டுக்கு முதலில் போக வேண்டும் என்பது அவருக்கு மனப்பாடம்.

தம்பி கல்யாணத்துக்கும் அப்பாவே தாம்பாளத்தோடு கிளம்பினார். ஜெயங்கொண்டத்தில் ஒரே வீட்டுக்கு இரண்டு தடவை பாக்கு வைத்தார். அரியலூர் அத்தை வீட்டுக்குப் போகவே இல்லை. போய்விட்டு வந்ததாக எங்களிடம் சொன்னார். அப்படித்தான் அவர் நம்பினார்.

அதற்கு முன்பே சொந்தத் தோப்பில் வழி தெரியாமல் நின்றார். கேட்டதையே மறுபடி மறுபடி கேட்டார். செருப்பை அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டுத் திருடு போனதாகச் சண்டை பிடித்தார். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா? "வயசானா அப்படித்தான்" என்றீர்கள். "மவனுக்குப் பெரிய எடத்துல பொண்ணு எடுத்ததும் தலக்கனம் வந்துட்டு" என்றீர்கள். பந்தியில் ஆள் மாற்றிப் பெயர் சொன்னபோது சிரித்தீர்கள். டாக்டரிடம் காட்டச் சொல்லி ஒரு வாய் பேசவில்லை. 

அத்தை கல்யாணத்துக்கு வரவில்லை. பிறகு அப்பாவைத் திருச்சியில் காட்டியபோது, இது மறதி நோய், சில வருடங்களாகவே இருந்திருக்கும் என்றார் டாக்டர். உடனே அத்தை வீட்டுக்கு ஓடினேன்.

"அத்தை, அப்பா வேணும்னு செய்யலங்க. நோவுங்க அது. ஒரு தடவ வந்து பாருங்க."

"ஊரெல்லாம் ஞாபகம் இருக்கு, கூடப் பொறந்தவ வூடு மட்டும் மறந்து போச்சா? அது என்னடி அப்படி ஒரு நோவு? பாக்கு வெச்சுக் கூப்புடச் சொல்லு, வரேன்."

கடைசி மாதங்களில் அப்பாவுக்கு என் பெயர் தெரியாது. ஆனால் காலையில் வெள்ளை வேட்டி கட்டி, தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு வாசலில் நிற்பார். "ஏம்மா, அரியலூர் பஸ் போயிட்டா? அக்காவுக்குப் பாக்கு வெக்கணும்" என்று என்னையே யாரோ மாதிரி கேட்பார். இதைப் போனில் அத்தையிடம் சொன்னேன். போனை வைத்துவிட்டார்.

வழி தவறிய அப்பாவை ஒவ்வொரு முறையும் வீடு சேர்த்த டவுன் பஸ் கண்டக்டருக்கும், தாமாக வந்து அவருக்குச் சவரம் செய்துவிட்ட பக்கத்து வீட்டு அண்ணனுக்கும், கடைசிவரை முகம் சுளிக்காத அம்மாவுக்கும் எங்கள் நன்றி. உங்கள் வீட்டிலும் ஒருவர் இப்படித் தடுமாறினால் கோபித்துக்கொள்ளாதீர்கள், டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

அத்தை, அப்பா இறந்த அன்று யாரும் அழைக்காமலே தெருமுனையிலிருந்து அழுதுகொண்டு ஓடி வந்தீர்கள். நல்லதுக்கு அழைத்தால் போகணும், கெட்டதுக்கு அழைக்காமலே போகணும் என்று எங்களுக்குச் சொல்லித் தந்ததே நீங்கள்தான். நோய் கெட்டது இல்லையா, அத்தை? அப்பா தாம்பாளத்தோடு வாசலில்தான் நின்றுகொண்டிருந்தார்.