குங்குமம் தின்ற முகம்

என் அம்மாவைப் படம் பிடித்த காலத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வேறு எந்த வீட்டிலும் படம் கிடையாது. பெருமைக்காகத்தான் சொல்கிறேன். அப்பா வண்டி கட்டிப் பாலக்காட்டுக்கு அழைத்துப் போய், அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து, தான் பக்கத்தில் நின்று எடுத்த படம். மடியில் நான், பல் முளைக்காத பிள்ளை.

அடுத்த மழைக்காலத்தில் அம்மா காய்ச்சலில் போய்விட்டாள். அப்பா படத்தைப் பெட்டிக்குள் அடியில் வைத்துப் பூட்டினார். அதைக் காட்டுங்கள் என்று அவரிடம் கேட்கிற தைரியம் எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை. எனக்குக் கல்யாணமாகி வேறு ஊருக்கு வந்தேன். அவர் காலத்துக்குப் பிறகு பெட்டியைத் திறந்தது அண்ணன் மனைவி. எங்கள் பக்கம் நங்கையா என்று கூப்பிடுவோம். வருஷத்துக்கு ஒரு நாள், இறந்த பெரியவர்களுக்குப் படையல் போடும்போது மட்டும் படத்தை வெளியே எடுப்பார். கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு அன்று புருஷன் வீட்டுப் படையல், நான் போக முடியாது. மற்ற நாளில் கேட்டேன். மாமன் பூட்டி வைத்ததை நாள் கிழமை இல்லாமல் திறக்க மாட்டேன் என்றார். சரி, இனிக் கேட்பதில்லை என்று நானும் வீம்பாக இருந்துவிட்டேன். முப்பது வருஷம் ஓடிவிட்டது.

போன தை மாதம் அண்ணன் காலமானார். காரியமெல்லாம் முடிந்த பிறகு, அம்மா படம் மகளுக்குத்தான் என்று நங்கையா துணியில் சுற்றி அனுப்பிவிட்டார்.

பிரித்தேன். அப்பா தலைப்பாகையோடு நிற்கிறார், மீசையில் ஒவ்வொரு முடியும் தெரிகிறது. மடியில் நான் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு புகை, படம் பிடிக்கும்போது ஆடியிருக்கிறேன். அதற்கு மேலே அம்மாவின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் செங்கல் நிறத்தில் ஒரு கறை.

என்ன நடந்தது என்று உடனே புரிந்தது. படத்துக்குக் கண்ணாடி கிடையாது. குங்குமத்தை அட்டை மேலேயே வைத்து, ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து முகமே போய்விட்டது.

பொள்ளாச்சியில் படம் எடுக்கிறவரிடம் கொண்டுபோனேன். "மூஞ்சிய நான் எழுதிக் குடுத்தர்றனுங்க. எப்பிடி இருப்பாங்கன்னு மட்டும் சொல்லுங்க" என்றார். அம்மா முகத்தைப் பார்த்த நினைவே எனக்கு இல்லை. அந்தக் கோபத்தோடு நேராக நங்கையா வீட்டுக்குப் போனேன். வாசலில் நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க நங்கையா, என்ற அம்மா மூஞ்சியத் தொடச்சே எடுத்துப்போட்டீங்களே!"

"வா அம்முணி. வந்ததும் சண்டையா? தண்ணி குடிச்சுப்போட்டுச் சண்டை போடு."

"எனக்குத் தண்ணி வேண்டாமுங்க."

"அப்ப மோரு குடி."

மோர் குடித்தேன். வெயில் அப்படி.

"நான் வேணுமின்னா செஞ்சேன்? மாமனுக்குத் திருநீறு, தட்டுனாப் போயிரும். அத்தை சுமங்கலியாப் போனவங்க, குங்குமம் வெக்காம சோறு படைக்க முடியுமா? ஒரு வருசம் பாத்தா புருவத்தக் காணோம். பகீர்னு ஆயிப்போச்சு."

"அப்பவாவது உட்டிருக்கலாமுல்லங்க?"

"பொட்டில்லாத மூஞ்சியா உக்கார வெக்கச் சொல்றியா? நீயா இருந்தா வெப்பியா?"

வைக்க மாட்டேன்தான்.

"அழிச்சவங்களும் நீங்கதான், அண்ணனும் போனதுக்கப்பறம் பாத்தவங்கன்னு இருக்கறதும் நீங்க ஒருத்தர்தான். மூஞ்சி எப்பிடி இருந்துச்சு, சொல்லுங்க."

அவர் கை நின்றது. "நானும் முழுசாப் பாக்கல அம்முணி. மாமன் படம் புடிக்கறவனப் பாத்துட்டு நிக்கறாரு. அத்தை பாக்கல. தலையக் குனிஞ்சுட்டு இருந்தாங்க."

"வெக்கமுங்களா?"

"வெக்கமென்ன வெக்கம்! ஆடாதீங்கன்னு அவன் கத்தியிருப்பான். நீ அடங்குனாத்தான? உன்னத்தான் பாத்துட்டு இருந்தாங்க. கன்னம் சிரிச்ச மாதிரி இருந்துச்சு."

வீட்டுக்கு வந்து படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். கறைக்கு மேலே, நெற்றியிலிருந்து உச்சி வரைக்கும் வகிடு நேராகத் தெரிகிறது. குனிந்த தலையில்தான் வகிடு அப்படித் தெரியும். முதல் நாள் இதை நான் பார்க்கவே இல்லை. முகத்தைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

பொள்ளாச்சிக்காரரிடம் முகம் எழுத வேண்டாம், கண்ணாடி மட்டும் போடுங்கள் என்று சொல்லிவிட்டேன். படையலுக்கு முதல் நாள், வீம்பையெல்லாம் விட்டு, நானே படத்தை நங்கையா வீட்டுக்கு எடுத்துப் போனேன்.

"பொட்டு வெய்யுங்க. கண்ணாடி மேல."

அவர் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தார். "இதுக்கு மேல வெச்சா அத்தைக்கு எட்டுமா அம்முணி?"

"எட்டுமுங்க" என்றேன்.