சப்பாத்து மாற்றிய படம்

எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைக்கிற வியாதி சின்ன வயதிலிருந்தே உண்டு. அதனால் வாங்கிக்கட்டியது கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை நான் செய்த வேலைக்கு ஒருத்தரும் என்னை ஒரு பேச்சுப் பேசவில்லை. அதுதான் இன்றைக்கும் கிடந்து அரிக்கிறது.

எண்பதுகளின் நடுப்பகுதி. பாரிசின் லா சப்பலில், ரூ பிலிப்-து-ஜிராரில், ஐந்தாம் மாடி அறையொன்றில் நாலு பேர் இருந்தோம். நான் ஒரு ரெஸ்ரோறண்டில் கோப்பை கழுவினேன். பக்கத்துத் தொட்டியில் சட்டி கழுவியவள் கொலம்பியாக்காரி, நாற்பது வயதிருக்கும். அவளுக்கும் பிரெஞ்சு அரைகுறை, எனக்கும் அரைகுறை. ஒரு மாதிரிச் சமாளித்துக் கதைப்போம். அவளுடைய புருஷன் தொழிற்சங்கக்காரன், ஆறு வருடமாகத் தங்கள் ஊரில் மறியலில், சிறைக்குள், கிடந்தான். ஒன்பது வயது மகளைக் கையில் பிடித்துக்கொண்டு இவள் பாரிசுக்கு வந்தவள்.

என்னிடம் ஒரு கமரா இருந்தது. எங்கள் ஆட்களின் கலியாணம், பிறந்தநாள், பெட்டைகள் பெரியபிள்ளையானால் செய்கிற சாமத்தியவீடு எதுவென்றாலும் படம் பிடிக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் எடுப்பும் இருந்தது. அவள் ஒருநாள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கேட்டாள்.

"ஞாயிற்றுக்கிழமை கமராவோடு வருவாயா? மகளுக்குப் பதினைந்து வயது. அவளின் தகப்பனுக்குப் படம் அனுப்பவேண்டும். காலில் சப்பாத்து மாற்றுவதை மட்டும் விட்டுவிடாதே. அவர் அந்த ஒரு படத்தைத்தான் கேட்டு எழுதியிருக்கிறார்."

தலையாட்டினேன். சப்பாத்துக்கு என்ன படம், விசர்க் கதை என்று மனதுக்குள் சிரித்தேன்.

அறையில் மூத்தவரை நாங்கள் அண்ணை என்றுதான் கூப்பிடுவோம். அவர் கட்டிலில் படுத்தபடியே விசாரித்தார்.

"என்னடாப்பா விசேஷம்?"

"பெட்டைக்குப் பதினைஞ்சாம். பெரிய கொண்டாட்டமாம் அண்ணை."

"அப்ப சாமத்தியவீடுதான். முதல்லை சடங்கு, பிறகு சாப்பாடு, பிறகு சனத்தை நிக்கவைச்சுப் படம். எங்கை போனாலும் உதுதானே. ஒரு பிலிம் காணும், ரெண்டு தேவையில்லை."

"ஓம் அண்ணை, காணும்."

இதற்கு முந்தின வருடம்தான் ஊரில் அக்காவின் மகள், என் மருமகள், பெரியபிள்ளையானாள். அவளின் தலையில் பாலும் அறுகும் வைக்கவேண்டிய ஒரே தாய்மாமன் நான். நானோ மூன்று மாதத்துக்கு ஒருக்கால் புதுப்பிக்கிற ரெசிப்பிசே என்ற ஒரு துண்டுக் கடதாசியோடு இங்கே நின்றேன். அதை நம்பி நாட்டைவிட்டு வெளியே போனால் திரும்பி வரமுடியாது. பிறகு தபாலில் பன்னிரண்டு படம் வந்தது. பன்னிரண்டிலும் சனம் வரிசையாய் நிற்குது, இல்லாவிட்டால் சனம் சாப்பிடுது. எனக்குப் பதிலாக அறுகு வைத்தது ஆர்? ஒரு படத்திலும் இல்லை. அந்தப் படங்களை வைத்துக்கொண்டு எத்தனை நாள் அழுதிருப்பேன். அவ்வளவும் பட்டவன்தான் கமராவைத் தோளில் கொழுவிக்கொண்டு வெளிக்கிட்டேன்.

அன்றைக்கு நல்ல வெயில். எத்தனையோ கிழமைக்குப் பிறகு கிடைத்த லீவு. தோய்த்து மினுக்கின சேட்டைப் போட்டுக்கொண்டு, கார் து நோர் ஸ்ரேசனில் ரயிலேறி, சுற்றுலாப் போகிற ஆள் மாதிரி ஜன்னலோரம் இருந்து, அவர்கள் இருந்த ஓல்னே-சூ-புவாவில் போய் இறங்கினேன். முதலில் தேவாலயத்தில் பூசை. பெட்டை ரோஸ் நிறத்தில் பெரிய குடைச்சட்டை போட்டு, தலையில் சின்னக் கிரீடம் வைத்து, பீடத்துக்கு முன்னால் முழந்தாளில் நின்றாள். இதுதான் சடங்கு என்று முடிவுகட்டிப் பத்துப் படம் அடித்தேன்.

பிறகு பக்கத்து மண்டபத்தில் சாப்பாடு. அங்கேதான் என் கெட்டித்தனத்தைக் காட்டினேன். எங்கள் வீடுகளில் செய்கிற மாதிரியே, குடும்பம் குடும்பமாகக் கூப்பிட்டு, கையாலே சைகை காட்டிப் பெட்டைக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். அவர்களும் சிரித்துச் சிரித்து வந்து நின்றார்கள். அது முடிய, சாப்பிடுகிற ஆட்களை மேசை மேசையாக அடித்தேன். கடைசியாகப் பெட்டை முள்ளுக்கரண்டியோடு மேசையில் இருந்ததை ஒன்று அடிக்க, கமரா கிர்ரென்று பிலிமைத் திருப்பிச் சுற்றத் தொடங்கியது. முப்பத்தாறும் சரி. அலுவல் முடிந்தது என்று எனக்கும் ஒரு கோப்பை சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

பாதிச் சோற்றில் பாட்டு நின்றது. மேசைகளை ஒதுக்கி, நடுவில் ஒரு கதிரையைக் கொண்டுவந்து வைத்தார்கள். பெட்டை அதில் வந்து இருந்தாள். சட்டைக்குக் கீழே அவள் காலில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் தட்டைச் சப்பாத்து. தாய் ஒரு சின்னத் தலையணையில் குதி உயர்ந்த வெள்ளைச் சப்பாத்து ஒரு சோடியை வைத்து ஏந்திக்கொண்டு நேரே என்னிடம் வந்தாள்.

"இப்போது எடு. இது தகப்பன் செய்யவேண்டியது. பழைய சப்பாத்தைக் கழற்றி, இதைத் தன் கையால் போட்டு, அவளை எழுப்பி, முதல் ஆட்டம் ஆடவேண்டும். அதற்குப் பிறகுதான் அவள் சின்னப்பிள்ளை இல்லை. அவர் இல்லாதபடியால் நான் செய்யப்போகிறேன்."

ஐயோ! சடங்கே இனித்தான். ஞாயிற்றுக்கிழமை, பிலிம் வாங்க ஊர் முழுக்க ஒரு கடை திறந்திராது. 'பிலிம் முடிஞ்சுபோச்சு, என்னை மன்னித்துக்கொள்' என்று ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம். மண்டபம் முழுக்க என்னையே பார்த்தது. எழும்பிப் போய், வெறும் கமராவைக் கண்ணில் வைத்து அமத்தினேன்.

வெளிச்சம் அடித்தது. அவள் முழந்தாளிட்டு மகளின் இடது காலைத் தன் மடியில் எடுத்து வைத்தாள்.

"அங்கே பார், அப்பா பார்க்கிறார்" என்று என் பக்கம் கையைக் காட்டினாள்.

பெட்டை என்னை நிமிர்ந்து பார்த்தாள். ஒரு கணம் அப்படியே பார்த்தாள், பிறகு சிரித்தாள். நான் திரும்பவும் அமத்தினேன். தாயும் மகளும் ஆடியபோதும் அமத்தினேன். எல்லாமாக ஏழு தரம்.

அடுத்த கிழமை படங்களைக் கழுவி எடுத்துக்கொண்டு போனேன். சப்பாத்துப் படம் எங்கே என்று அவள் திரும்பத் திரும்பப் புரட்டித் தேடினாள். கழுவின கடைக்காரன் கடைசித் துண்டைப் பழுதாக்கிவிட்டான் என்று சொன்னேன். பொய் எவ்வளவு சுகமாக வந்தது, சீ! அவள் ஏப்ரனால் முகத்தை மூடிக்கொண்டாள். பிறகு சட்டியை எடுத்துத் தேய்க்கத் தொடங்கினாள்.

அந்தச் சனிக்கிழமை வேலை முடிந்து வெளியே வர, பெட்டை வாசலில் நின்றாள். பள்ளிக்கூடப் பை, பழைய தட்டைச் சப்பாத்து. அவளின் பிரெஞ்சு என்னுடையதைவிட எவ்வளவோ திறம். எனக்கு விளங்கவேண்டும் என்று மெல்ல மெல்லச் சொன்னாள்.

"பிலிம் சுற்றிய சத்தம் எனக்குக் கேட்டது. நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது."

"பிறகேன் சிரித்தாய்?" என்று கேட்டேன்.

"அம்மா பார்த்துக்கொண்டிருந்தார்."

திரும்பவும் செய்வோம், சட்டையைப் போட்டுக்கொண்டு வா, நான் புதுப் பிலிம் வாங்கி வருகிறேன் என்று கெஞ்சினேன். அவள் தலையை ஆட்டி மறுத்தாள்.

"அது ஒருமுறைதான். நீங்கள் ஏமாற்றினீர்கள் என்று தெரிந்தால் அம்மா தாங்கமாட்டார். கடைக்காரன் என்றே இருக்கட்டும். சொல்லமாட்டேன் என்று சத்தியம் பண்ணுங்கள்."

பதினைந்து வயதுப் பிள்ளைக்கு முன்னால், தெருவில் நின்று, சத்தியம் பண்ணினேன்.

பனிக்காலம் தொடங்கியபோது மறியலிலிருந்து கடிதம் வந்தது. அவள் அதை ஈரக்கையோடு பிரித்து, எனக்கும் சொல்லிச் சொல்லி வாசித்தாள். படங்கள் கிடைத்ததாம். இந்தச் சாப்பிடுகிற சனம் எல்லாம் ஆர் என்று கேட்டிருந்தான். மகள் முள்ளுக்கரண்டியோடு இருக்கிற படத்தைச் சுவரில் ஒட்டியிருக்கிறானாம். ஆனால் மேசை மறைக்கிறதாம். அவள் காலில் அப்போது எந்தச் சப்பாத்து இருந்தது, பழையதா புதியதா, அதை மட்டும் எழுதி அனுப்பச் சொல்லியிருந்தான்.

அவள் கடிதத்தை மடித்து நெஞ்சுக்குள் செருகினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தக் கடைக்காரன் நாசமாய்ப் போக என்று திட்டினாள். பிறகு என்னைப் பார்த்தாள், நானும் ஏதாவது சொல்வேன் என்று.

"நாசமாய்ப் போக" என்று நானும் சொன்னேன்.