ரெண்டு கோட்டு மாமாவும் இருபத்து நாலு கேக் பாப்பும்

அவருக்கும் ஒரு பெயர் இருந்தது. கூப்பிட ஆளில்லாமல் அது துருப்பிடித்துப் போயிருந்தது. இருபத்திரண்டு வருடமாகச் சுவருக்குப் பெயின்ட் அடிக்கிற மனிதர். எந்தச் சுவரைக் காட்டினாலும், "ரெண்டு கோட்டு அடிச்சாத்தான் நிக்கும்" என்பார். தலைக்கு எண்ணெய் வைத்தாலும் இரண்டு கோட்டு, ரொட்டிக்கு ஜாம் தடவினாலும் இரண்டு கோட்டு. அக்காவின் பெண்கள் 'ரெண்டு கோட்டு மாமா' என்று கூப்பிடப் போக, வேலைக்கு அழைப்பவர்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

ஊரார் சுவரையெல்லாம் பளபளக்க வைத்தவரின் ஒற்றை அறையில் சுவர் பொருக்குத் தட்டிக் கிடந்தது. கல்யாணம் ஆகவில்லை. யாருக்காக அடிப்பது என்பார். பள்ளி விடுமுறையில் அக்காவின் பெண்கள் இருவரும் ஒரு வாரம் அங்கே வந்து தங்குவார்கள். அந்த ஒரு வாரத்தை நினைத்துத்தான் மனிதர் மிச்ச ஐம்பத்தொரு வாரத்தையும் ஓட்டினார். அதற்கும் போன தடவை வினை வந்தது. சின்னவள் தலையில் பச்சை எனாமல் பெயின்ட் ஒட்டி, முடியைக் காதுவரை வெட்ட வேண்டியதாயிற்று. அக்கா மருத்துவமனையில் தலைமை நர்ஸ். ஒரு வார்டையே கண்ணால் அடக்குகிறவர். இனிமேல் பிள்ளைகளை அனுப்புவதில்லை என்று அன்றைக்கே சொல்லிவிட்டார்.

விடுமுறைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஒரு வழி பிறந்தது. அக்காவுக்கு அவசர டியூட்டி. பெரியவளோ மறுநாள் வகுப்புக்கு இருபத்து நாலு கேக் பாப் கொண்டு வருவதாக வாக்குக் கொடுத்திருந்தாள். வேறு நாதியில்லாமல் அக்கா தம்பியைக் கூப்பிட்டார்.

"கேக் சுட்டு வச்சுட்டேன். உதிர்த்து, கிரீம் போட்டுப் பிசைஞ்சு, உருட்டி, குச்சியில குத்தி, சாக்லேட்டுல முக்கணும். அவ்வளவுதான். அஞ்சு மணிக்கு நான் வரும்போது இருபத்து நாலும் இருக்கணும். என் கிச்சன் நான் விட்டுட்டுப் போன மாதிரியே இருக்கணும். இருந்தா, லீவுக்குப் பிள்ளைங்கள அனுப்புறதப் பத்தி யோசிக்கிறேன்."

"யோசிக்கிறேன்னா, அனுப்புவியாக்கா?"

"யோசிக்கிறேன்னா யோசிக்கிறேன்."

மாமாவுக்கு அது போதும். அக்கா தெருமுனை திரும்புவதற்குள் தரை, அடுப்பு, குளிர்பெட்டி, தோள் உயரத்துக்குச் சுவர் என்று அத்தனைக்கும் பழைய செய்தித்தாளை விரித்து டேப் ஒட்டினார். பெரியவளுக்குப் பதினொரு வயது. அச்சடித்த எதையும் வாசிக்காமல் விடமாட்டாள். சமையலுக்கு வந்தவள் அடுப்பைச் சுற்றிச் செய்தி படித்துக்கொண்டிருந்தாள். ஐந்து வயதுச் சின்னவள் கேக்கைப் பிசைந்தாள். பிசைந்ததில் பாதி வாய்க்குப் போனது.

உருண்டைகள் பிறந்தன. ஒன்று கோலிக்குண்டு, இன்னொன்று கால்பந்து. மாமா சுவர் அளக்கிற டேப்பை எடுத்து, எல்லாவற்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து குளிர்பெட்டியில் வைத்தார். பிறகு சாக்லேட்டை உருக்கினார். அது அவர் நினைத்ததைவிடக் கெட்டியாக இருந்தது.

"டைட்டா இருக்கே. கொஞ்சம் இளக்கணும்" என்றார். சுவர்க்காரருக்கு இளக்குவது என்றால் தண்ணீர்தான். ஒரு கரண்டி ஊற்றிக் கலக்கினார். கண்மூடித் திறப்பதற்குள் சாக்லேட் திரிதிரியாகத் திரண்டு, கரண்டியை அசைய விடாமல் பிடித்துக்கொண்டது.

பெரியவள் சாக்லேட் பாக்கெட்டை எடுத்து உரக்க வாசித்தாள். "தண்ணீர் படக்கூடாது. இளக்க வேண்டுமானால் சிறிது சமையல் எண்ணெய் சேர்க்கவும்."

மாமா நெற்றியில் அறைந்துகொண்டார். "எண்ணெயா! அட, இது தண்ணியில கரைக்கிற டிஸ்டம்பர் இல்லடி, எண்ணெயில இளக்குற எனாமல்! இத முதல்லயே சொல்லியிருந்தா நான் தண்ணி பக்கமே போயிருப்பேனா?"

"நீங்க முதல்லயே படிச்சிருக்கலாம் மாமா."

"பெயின்டு டப்பாவ எவன்டி படிப்பான்?"

ஆனால் மனிதர் எதையும் வீணாக்குகிறவர் இல்லை. கெட்டியானது, சுவர் வெடிப்பை அடைக்கிற பட்டி மாதிரி இருந்தது. எனவே பட்டி பார்த்தார். உருண்டைகளில் விழுந்திருந்த வெடிப்புகளையெல்லாம் வெண்ணெய்க் கத்தியால் அடைத்து, மழமழவென்று தேய்த்தார். இரண்டாவது பாக்கெட்டை உருக்கி ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டதும் அது பட்டாய் வழிந்தது. குச்சி நுனியைச் சாக்லேட்டில் தொட்டுக் குத்தினார்கள். உருண்டையை முக்கி, டப்பா விளிம்பில் பிரஷைத் தட்டுவதுபோல் கிண்ண விளிம்பில் தட்டினார்கள். கேட்கவே வேண்டாம், இரண்டு கோட்டு.

காய வைக்க எதில் நட்டு வைப்பது? அக்கா வாங்கி வைத்திருந்த முழுப் பூசணிக்காய்தான் அகப்பட்டது. அதில் இருபத்து நாலு ஓட்டை போட்டார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பற்றி மாமா கேள்விப்பட்டிருந்தார். ஓட்டை விழுந்த பூசணிக்காயை எதில் மறைப்பது என்று யாரும் சொல்லித் தந்ததில்லை. கடைசியில் மிச்சமிருந்த பட்டியை வைத்து அந்த ஓட்டைகளையும் அடைத்தார்.

அலங்காரத்தில்தான் கெட்டது. பெரியவள் ஒவ்வொன்றுக்கும் கண், மூக்கு, மீசை வைத்தாள். சின்னவளோ மாமா பிரஷை உதறுவதைப் பார்த்துப் பழகியவள். அம்மாவுக்கென்று தனியாக உருட்டிய இருபத்தைந்தாவது உருண்டையை முக்கி, ஒரே உதறாக உதறினாள். சாக்லேட் பறந்து போய், செய்தித்தாளுக்கு மேலே வெறும் சுவரில் அப்பியது. துடைத்தால் எண்ணெய்க் கறை இன்னும் படர்ந்தது. மணி நாலு.

மாமாவின் வண்டிப் பெட்டியில் எப்போதும் ஒரு சின்ன டப்பா வெள்ளை இருக்கும். ஓடிப்போய் எடுத்து வந்து, கறையைச் சுற்றி டேப் ஒட்டி, இரண்டு கோட்டு அடித்தார். செய்தித்தாளையெல்லாம் உரித்துச் சுருட்டினார்.

ஐந்து மணிக்கு அக்கா வந்தார். தரையைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார். தூசி இல்லை. பெட்டிக்குள் அடுக்கியிருந்த கேக் பாப்பை எண்ணினார். இருபத்து நாலு. மாமாவுக்கு மூச்சு வந்தது.

"பூசணிக்கு என்னடா, அம்மை போட்டிருக்கா?"

மாமா வாயைத் திறப்பதற்குள் அக்காவின் கண் சுவருக்குப் போய்விட்டது. அங்கே ஒரு சதுரம் வெள்ளை வெளேரென்று பல்லைக் காட்டியது. அதைச் சுற்றியிருந்த சுவர் பத்து வருட அழுக்கோடு நின்றது.

"இது என்ன?"

"வெயில்க்கா. ஜன்னல் வழியா விழுது."

"ஜன்னல் அந்தப் பக்கம்டா."

மாமா தலையைக் குனிந்துகொண்டார். அழுகை வரும்போல இருந்தது. போச்சு, இந்த வருடமும் போச்சு.

"விட்டுட்டுப் போன மாதிரியே இருக்கணும்னு சொன்னேன். பிள்ளைங்க உன் வீட்டுக்கு வரமாட்டாங்க." அக்கா இருபத்தைந்தாவதைக் கடித்து மென்றபடி சுவரையே பார்த்தார். "இத முழுசா அடிக்க எத்தனை நாள் ஆகும்?"

"பட்டி பார்த்து, ரெண்டு கோட்டு... நாலு நாள்க்கா."

"லீவு விட்டதும் பெட்டியக் கட்டிக்கிட்டு வந்து இங்கேயே தங்கு. என் கண்ணு முன்னால இருந்தா பிள்ளைங்க முடியாவது தப்பிக்கும்."

மாமாவுக்கு வாய் காதுவரை போனது. சின்னவள் மட்டும் விரல் விட்டு எண்ணிப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். போன தடவை ஏழு நாள் இருந்ததே.

"மாமா, ஹாலுக்கு எத்தனை நாள் ஆகும்?"

"ஹாலு பெருசுடா செல்லம். ஒரு வாரமாவது ஆகும்."

நக்குவதற்காக விட்டுவைத்த சாக்லேட் கிண்ணம் மேசைமேல் இருந்தது. சின்னவள் இரண்டு கைகளையும் அதில் முக்கினாள். பெரியவள் பார்த்துவிட்டு, அம்மாவிடம் பூசணிக்காயைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்தாள். ஒரு கோட்டு போதாதென்று சின்னவள் இன்னொரு தரம் முக்கினாள். பிறகு கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஹாலுக்குப் போனாள்.