முப்பத்தெட்டாவது செயலி

செர்பியாவின் சாச்சாக் நகரில் பல்செட் செய்பவர் ஜிவாதின். எல்லா செர்பியர்களையும் போல அவருக்கும் ஒரே மொழிக்கு எழுத்து இரண்டு: சிரில்லிக், லத்தீன். எது எப்போது கைக்கு வரும் என்று அவருக்கே தெரியாது. இதை யாரும் வியாதி என்று சொல்வதில்லை, ஊரே அப்படித்தான்.

குறிப்பு எழுதிவைக்க இணையத்தில் இலவசமாக ஒரு செயலி தேடத் தொடங்கி இரண்டு வருஷம் ஆயிற்று. எல்லாவற்றுக்கும் ஒரே பரீட்சைதான். 'பிளம் ஜாம்' என்று சிரில்லிக்கில் எழுதுவார், லத்தீனில் தேடுவார். முப்பத்தேழு செயலிகள் கையை விரித்தன.

"ஒரே எழுத்துல எழுதித் தொலையேன் மனுஷா" என்றாள் மனைவி ஸ்தோயாங்கா.

"எதை விடச் சொல்ற? ஒண்ணு எங்கப்பா கத்துக்கொடுத்தது, இன்னொண்ணு ஃபோனோட வந்தது."

முப்பத்தெட்டாவது தேறிவிட்டது. எந்த எழுத்தில் தேடினாலும் பிளம் ஜாம் வந்து நின்றது. ஜிவாதின் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு ரக்கியா என்ற பழச் சாராயம் ஊற்றிக் கொடுத்தார். பிறகு மாத்திரைப் பெயர், மாமியார் பிறந்தநாள், ஆட்டுக்கறிக்கு ஊறவைக்கும் மசாலா என்று எல்லாவற்றையும் அதில் ஏற்றினார். மறந்துவிடக் கூடாதே என்று கடைசியாக அந்தச் செயலியின் கடவுச்சொல்லையும்.

மறுநாள் காலை அது கடவுச்சொல்லைக் கேட்டது. லத்தீனில் அடித்தார், தப்பு என்றது. சிரில்லிக்கில் அடித்தார், அதுவும் தப்பு. பாதியில் எழுத்து மாறியிருக்குமோ? எந்தப் பாதியில்?

"எங்கயாவது எழுதி வச்சிருப்பியே?"

"அதுக்குள்ளதான்."

ஸ்தோயாங்கா அலமாரியிலிருந்து பிளம் ஜாம் பாட்டிலை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"இதாவது திறக்குதான்னு பாரு."