சோத்துப் போசி அளவு ஓட்டை

அன்று பொடக்காலியில் இருந்தவர்கள்: என் மனைவி, பிளாஸ்டிக் நாற்காலியில். மகள், அவள் பின்னால். பக்கத்து வீட்டு அக்கா, துவைக்கிற கல்லின் மேல். நான், புதிதாக அடித்த விளையாட்டுப் பலகைக்குப் பக்கத்தில். வீட்டுக்குப் பின்னால் உள்ள இடம் அவ்வளவுதான். நாலு பேர் நின்றால் நிறைந்துவிடும்.

மனைவிக்குப் பக்கவாதம் வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. கால் தேறிவிட்டது. வலது கை தேறவில்லை. பதினெட்டு வருடம் பனியன் கம்பெனியில் தைத்த கை. பயிற்சி கொடுக்க வந்த பெண், எதையாவது எடுத்து எறியச் சொன்னாள். எடுப்பதும் விடுவதும்தான் விரலுக்கு வேலையாம். பந்து வாங்கிக் கொடுத்தோம். அது உருண்டு சாக்கடைக்குப் போனது. ஒவ்வொரு தடவையும் நான் போய் எடுத்து வந்தேன்.

மகளுக்குச் சரவணம்பட்டியில் வேலை. அவள் ஆபீஸில் ஒரு விளையாட்டு இருக்கிறதாம். சாய்ந்த பலகை, அதில் வட்டமாக ஒரு ஓட்டை. சின்னப் பைகளை எறிந்து அதற்குள் விழவைக்க வேண்டும். போனில் படம் காட்டினாள். நான் பெருந்துறையில் சரக்கு அடுக்குகிற மரப் பேலட் அடிக்கிறவன். எனக்கு இது ஒரு மணி நேர வேலை. ஆனால் ஆறு நாளும் ஆணி அடித்துவிட்டு ஏழாவது நாளும் ஆணி அடிக்க உடம்பு வரவில்லை. மூன்று ஞாயிறு தள்ளிப்போட்டேன்.

நாலாவது ஞாயிறு செய்தேன். வேலை செய்கிற இடத்துக்கு மெஷின் வந்த பெட்டியில் கழித்த பைன் பலகை. நாலடி நீளம், ரெண்டடி அகலம். பின்பக்கம் ரெண்டு கால். சிராய் குத்தாமல் உப்புத்தாள் போட்டேன். பழைய ஜீன்ஸைக் கிழித்து எட்டுப் பை தைத்து, புளியங்கொட்டை நிரப்பினேன். மனைவி பார்த்துக்கொண்டே இருந்தாள். தையல் அகலமாக விழுகிறது, கொட்டை வெளியே வரும் என்று மட்டும் சொன்னாள். வந்தது. மறுபடி தைத்தேன்.

ஓட்டை ஆறு இன்ச் என்று மகள் சொல்லியிருந்தாள். பென்சிலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். ஆறு இன்ச்சில் இவளால் போட முடியாது. உள்ளே போய், வாய் அகலமான சோத்துப் போசியை எடுத்து வந்தேன். பலகையில் கவிழ்த்து, சுற்றி வரைந்து அறுத்துவிட்டேன்.

அன்று சாயங்காலம்தான் நாலு பேரும் கூடினோம். எட்டுப் பை, ஐந்து சுற்று. பாதி தானாக விழுந்தது. விளிம்பில் நின்றதை எல்லாம், உழுந்துருச்சுங்க என்றார் அக்கா. எங்கள் பக்கம் முகத்துக்கு நேராக 'இல்லை' என்று சொல்ல மாட்டார்கள். முன்னால் விழுந்ததை நான் குனிந்து எடுத்து உள்ளே போட்டேன். அதையும் மகள் எண்ணினாள். நாற்பதுக்கு நாற்பது என்றாள்.

மனைவி பலகையையே பார்த்தாள்.

"ஏனுங்க, அது நம்ம சோத்துப் போசிதானுங்க?"

நான் குனிந்து பைகளைப் பொறுக்கினேன்.

"தெனமும் சோறு வடிக்கற போசி. அதோட வாய் அளவு எனக்குத் தெரியாதுங்களா? அக்கா, நீங்களும் பொய் சொல்லாதீங்க. கைதான் வரல. பார்வை நல்லாத்தான் இருக்குது."

"உங்கூட்டுக்காரரு பலகைல போசிய வெப்பாரு. நீங்க என்னைய வையறீங்க," என்றார் அக்கா. மகள் சிரித்தாள். மனைவி சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் பையைத் தொடவில்லை. வேலை முடிந்து வந்து பார்ப்பேன். எட்டும் வைத்த இடத்திலேயே இருக்கும். வியாழக்கிழமை அவளுக்குச் சோறு போடும்போது கேட்டேன், கோபமா என்று.

"கோவமில்லீங்க. நாப்பதுக்கு நாப்பதுன்னா நான் நாளைக்கே கம்பெனி மெஷின்ல உக்காரோணும். உக்கார முடியுமுங்களா? எனக்குக் கை எவ்வளவு வந்துருக்குதுன்னு எனக்குத் தெரியோணுமுங்க."

அடுத்த ஞாயிறு ஆணிகளைப் பிடுங்கினேன். நடுப்பலகையை மாற்றினேன். நடுவில் ஒரு ஆணி, அதில் மூன்று இன்ச் நூல். சரியாக ஆறு இன்ச் வட்டம் போட்டு அறுத்தேன். இடுப்பு விட்டுப்போனது. மனைவி எழுந்து வந்து இடது கையால் ஓட்டையை அளந்து பார்த்தாள். பலகையை இன்னும் ரெண்டு எட்டுத் தள்ளி, சுவரோரமாக வைக்கச் சொன்னாள். வைத்தேன். என்னையும் தள்ளி நிற்கச் சொன்னாள்.

நான் போய்க் கல்லின் மேல் அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அக்கா வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டார். முதல் சுற்றில் ஒன்றும் விழவில்லை. ஒரு பை அவள் காலடியிலேயே விழுந்தது. யாரும் எடுக்கவில்லை. இரண்டாவது சுற்றிலும் இல்லை. விரல் விடுகிறபோது கை ஆடியது. போதும் என்ற சொல் வாய் வரை வந்தது. நானும் துண்டால் வாயை மூடிக்கொண்டேன்.

ஐந்து சுற்றும் எறிந்தாள். வேர்வையைத் துடைத்துக்கொண்டு மகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"எத்தன கண்ணு? உள்ளதச் சொல்லு."

நாற்பதுக்கு மூன்று.