சோழர் காலத்துப் பல் அடைப்பு

வைகாசி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், திருக்காட்டுப்பள்ளிக்குக் கிழக்கே எங்கள் ஊர் வாய்க்காலைத் தூர்வாரிக்கொண்டிருந்த ஜேசிபி ஒரு மண்டையோட்டை மேலே கொண்டுவந்தது. காலையில் அது வெறும் மண்டையோடு. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் சோழப் படைத்தலைவர் ஆகிவிட்டது. இத்தனை வேகமான பதவி உயர்வு அரசாங்க உத்தியோகத்தில் யாருக்கும் கிடைத்து நான் பார்த்ததில்லை.

பதவி கொடுத்தவர் எங்கள் வரலாற்று ஆர்வலர் வட்டத்தின் தலைவர். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். வாய்க்காலை ஒட்டிய நிலமும் அவருடையதுதான், அப்பா வழியில் வந்தது. நான் அந்த வட்டத்தில் நடப்பதைத் தேதியோடு எழுதிவைப்பவன். மற்ற எல்லோருக்கும் பேசவே நேரம் போதாததால் அந்த வேலை என்னிடம் வந்தது.

தலைவர் பூதக்கண்ணாடியோடு கரையில் குந்தினார்.

"நெத்தியப் பாருங்க. இந்த வெட்டப் பாருங்க. போர்க்களத்துல வாங்குன வெட்டு."

"சார், அது இப்பத்தான் என் பக்கெட்டு பட்டுது" என்றார் ஜேசிபி ஓட்டுநர்.

"நீ வண்டியப் பாருப்பா."

கீழ்த்தாடையும் பக்கத்திலேயே சேற்றில் கிடைத்தது. பற்கள் பெரும்பாலும் அப்படியே இருந்தன. வலதுபுறக் கடைவாய்ப் பல் ஒன்றில் சாம்பல் நிறத்தில் ஏதோ அடைத்திருந்தது. இதைப் பார்த்ததும் கதை முடிந்தது என்று நினைத்தேன். அங்கேதான் தொடங்கியது.

"உலோகம்!" என்று எழுந்தே விட்டார் தலைவர். "சோழர் காலத்துலயே பல் அடைச்சிருக்கான் பாருங்க! வெள்ளைக்காரன் பல்லு விளக்கவே கத்துக்காத காலம்யா அது!"

என் வாயில் அதே நிறத்தில் இரண்டு பற்கள் இருக்கின்றன. தஞ்சாவூரில் மேம்பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு டாக்டர் அடைத்துவிட்டது. காட்டலாமா என்று யோசித்தேன். அதற்குள் கைதட்டல் முடிந்து, பந்தலுக்கு யார் செலவு என்ற பேச்சு ஆரம்பித்திருந்தது.

வெள்ளிக்கிழமை பந்தல் வந்தது. மண்டையோட்டை மரப்பலகையில் வைத்துப் பால், மஞ்சள், சந்தனம் என்று வரிசையாக அபிஷேகம் நடந்தது. விபூதிப் பட்டை போட்டார்கள். கீழ் வரிசை முன்பல் ஒன்று ஆடியது. அதைத் தலைவர் பயபக்தியோடு பிடுங்கி வெள்ளிக் குங்குமச் சிமிழில் வைத்து வீட்டுக்கு எடுத்துப்போனார். கிராம நிர்வாக அலுவலர் வந்து மண்டையோட்டோடு செல்ஃபி எடுத்துக்கொண்டு, மேலிடத்துக்குத் தெரிவிப்பதாகச் சொல்லிப் போனார். சனிக்கிழமை பேருந்து நிறுத்தத்தில் பெரிய ஃபிளெக்ஸ் பேனர் எழுந்தது. தாடையின் படம் ஓர் ஆள் உயரத்துக்கு. "எங்கள் குலத் தளபதியே வருக." ஞாயிற்றுக்கிழமை எதிர்ப்பக்கம் இன்னொரு பேனர், வேறு கொடி, வேறு நிறம், அதே தாடை. "எங்கள் குலம் தந்த தளபதியே." இரண்டு குலத்துக்காரர்களும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு பந்தலில் மாறிமாறிக் காவல் இருந்தார்கள். செத்தவருக்கு அந்த மூன்று நாளும் கிடைத்த மரியாதை உயிரோடு இருக்கும்போது யாருக்குக் கிடைக்கும்?

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான் அந்தப் பெண் வந்தாள். எங்கள் ஊர் தெற்குத் தெருவைச் சேர்ந்தவள். கீழ்வேளூர்ப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. கோடை விடுமுறைக்கு அம்மாவைப் பார்க்க வந்தவள் பேருந்தை விட்டு இறங்கியதும், ஆள் உயரத் தாடையின் எதிரே நின்றிருக்கிறாள். பையை வீட்டில்கூட வைக்காமல் நேராகப் பந்தலுக்கு வந்துவிட்டாள்.

"சார், அது டாக்டர் அடைச்ச பல்லு சார். எங்க அப்பாவுக்கு பள்ளிக்கூடத்து முகாம்ல அடைச்சாங்க. இதே பக்கம். அடைச்சதுலேர்ந்து கல்ல கடிச்ச மாதிரி இருக்குன்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு."

அவளுடைய அப்பாவின் கதை ஊருக்கே தெரியும் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். வயல் வேலை செய்தவர். இருபது வருடத்துக்கு முன்னால், ஓர் ஐப்பசி மழையில் வாய்க்கால் உடைத்துக்கொண்ட இரவிலிருந்து அவரைக் காணவில்லை. அவள் அப்போது மூன்றாம் வகுப்பு. முதல் வாரம் தேடினார்கள். இரண்டாவது வாரம் எங்கள் தலைவர் பாலக்காட்டுப் பேருந்து நிலையத்தில் அவரைப் பார்த்ததாக டீக்கடையில் சொன்னார். பரோட்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தாராம். பொங்கலுக்குள் பக்கத்தில் சிவப்பாக ஒரு பெண்ணும் சேர்ந்துகொண்டாள். அதற்குப் பிறகு யாரும் தேடவில்லை. பெண்டாட்டி பிள்ளையை விட்டு ஓடியவரின் குடும்பம் என்ற பெயர் மட்டும் அந்த வீட்டோடு நின்றுவிட்டது. இவளுக்கு வந்த இரண்டு வரன்கள் அதைச் சொல்லியே தட்டிப்போனதாகக் கேள்வி.

"அம்மாடி, உங்க அப்பாவ நானே கண்ணால பாத்தேன்" என்றார் தலைவர். "உசுரோட இருக்குற மனுஷன ஏம்மா சாவடிக்கிற?"

"பாத்திருந்தா நல்லதுதான் சார். அப்ப டெஸ்ட் பண்ணிப் பாத்துடுவோம்."

பேனர்காரர்களில் ஒருவன் வேட்டியை மடித்துக் கட்டினான். "யாரு பல்ல யாரு அப்பன் பல்லுங்குற? எங்க தளபதி, தெற்குத் தெருவா?"

எதிர் பேனர்காரர்களும் அவனோடு சேர்ந்து கத்தினார்கள். மூன்று நாளில் இரண்டு குலமும் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

அவள் சத்தம் போடவில்லை. அங்கிருந்து நேராகக் காவல் நிலையத்துக்குப் போனாள். கண்டெடுத்த நாளைக் குறித்துவைத்தவன் என்பதால் என்னையும் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். சப் இன்ஸ்பெக்டர் ஃபிளெக்ஸ் படத்தைக் கைப்பேசியில் பெரிதாக்கிப் பார்த்தார்.

"சோழனா இருந்தா தொல்லியல் துறை. வேற எவனாவதா இருந்தா நான். பாலு ஊத்துறதுக்கு முன்னாடி இத ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா சார்?"

தளபதி ஓர் அட்டைப் பெட்டியில் ஜீப்பில் ஏறித் தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். மறுநாள் அம்மாவும் மகளும் அங்கே வரவேண்டியிருந்தது. எனக்கும் கையெழுத்து வேலை இருந்ததால் ஒரே ஆட்டோவில் போனோம். தடயவியல் டாக்டர் ஐம்பது வயதுப் பெண்மணி. பெட்டியைத் திறந்தவர் விபூதிப் பட்டையைக் குனிந்து பார்த்தார்.

"இதுக்கு யாருங்க மேக்கப் போட்டது?"

நான் கையெழுத்துப் போடவேண்டிய தாளைத் தேடினேன்.

"மேல தடவி எடுத்தா இப்ப உங்க ஊர்ல பாதிப் பேரு கிடைப்பாங்க. பூசாரி, தலைவர், வண்டி ஓட்டுனவரு. பால் குடுத்த மாடுகூட கிடைக்கும். அதனால மேல தொடப் போறதில்ல."

அவர் சொன்னதை நான் புரிந்துகொண்ட அளவில் எழுதுகிறேன். உடம்பிலேயே கெட்டியான பொருள் பல்லின் மேலோடு. அதற்கு உள்ளே கூழ் போன்ற சதையும் நரம்பும் இருக்கும். அது காய்ந்துபோனாலும், வேரைச் சுற்றியுள்ள படலத்திலும் பல்லின் உட்பகுதியிலும் அந்த ஆளின் டிஎன்ஏ வருடக்கணக்கில் தங்கியிருக்கும். சேறு, வெள்ளம், சந்தனம் எதுவும் எளிதில் உள்ளே போகாது. தாடையில் இறுகி உட்கார்ந்திருக்கும் கடைவாய்ப் பல்தான் நம்பகமானது. அடைத்திருந்த பல்லை அவர் தொடவில்லை. சொத்தையில்லாத பக்கத்துப் பல்லைத் தேர்ந்தெடுத்தார். அதன் மேல்பரப்பை மருந்தில் கழுவி, லேசாகத் தேய்த்து எடுத்துவிட்டு, குளிரவைத்துப் பொடியாக்கி, அந்தப் பொடியிலிருந்து டிஎன்ஏவைப் பிரிப்பார்கள். அது சென்னை ஆய்வகத்தில் நடக்கும். ஒத்துப் பார்க்க, உயிரோடு இருப்பவர்களின் கன்னத்து உள்சதையைப் பஞ்சுக்குச்சியால் தடவி எடுத்தால் போதும்.

மகள் உடனே வாயைத் திறந்தாள். அம்மா திறக்கவில்லை. வாய் நிறைய வெற்றிலை.

"துப்பிட்டு நல்லா கொப்புளிச்சுட்டு வாங்கம்மா."

"எனக்கு எதுக்கும்மா? அந்த ஆளு பல்லுக்கும் என் வாய்க்கும் என்னா இருக்கு?"

"உங்க பொண்ணு உடம்புல பாதி நீங்க, பாதி அவங்கப்பா. உங்க பாதி எதுன்னு தெரிஞ்சாத்தான் மீதிய அந்தப் பல்லோட வச்சுப் பாக்க முடியும்."

அந்த அம்மாள் கொப்புளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். "எடுத்துக்கங்க. இருபது வருசமா ரெண்டுங்கெட்டானா இருக்கேன். நெத்தியில பொட்ட வச்சா ஓடிப்போனவனுக்கு என்னாடி அலங்காரம்ங்கிறாளுவ. வைக்கலன்னா புருசன் உசுரோட இருக்கும்போதே அழிச்சிட்டியாங்கிறாளுவ. இருக்குறான்னா ஏசித் தீத்துக்குறேன், செத்துட்டான்னா அழுது தீத்துக்குறேன். எதுன்னு மட்டும் சொல்லிப்புடுங்க."

டாக்டர் பஞ்சுக்குச்சியைக் கன்னத்துக்குள் விட்டதால் பேச்சு நின்றது.

முடிவு வர நாள் பிடித்தது. ஆனி, ஆடி, ஆவணி மூன்றும் போயின. இதற்கிடையில் எங்கள் வட்டம் சும்மா இருக்குமா? ஆண்டு மலரில் சோழர் காலப் பல் மருத்துவம் பற்றித் தலைவரின் கட்டுரை பன்னிரண்டு பக்கத்துக்கு வந்தது. எந்த மூலிகையை எந்த உலோகத்தோடு அரைத்தார்கள் என்பதுவரை அதில் இருந்தது. நினைவு வளைவு யார் தெரு முனையில் வரவேண்டும் என்று இரண்டு குலத்தாரும் அடித்துக்கொண்டு, தாசில்தார் முன்னிலையில் அமைதிப் பேச்சு நடந்தது. டீக்கடையில் உட்கார்ந்தவர்கள் எல்லாம் தத்தம் பல்லைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வம்சாவளி பேசினார்கள்.

புரட்டாசி கடைசிச் செவ்வாய்க்கிழமை முடிவு வந்தது. பல்லுக்குச் சொந்தக்காரர்தான் அந்தப் பெண்ணின் தகப்பனார். சந்தேகத்துக்கு இடமில்லை என்று எழுதியிருந்தார்கள். ஜேசிபி பக்கெட் பட்ட புது வெட்டைத் தவிர அடிபட்டதற்கான அடையாளம் எதுவும் தெரியவில்லை, எப்படி இறந்தார் என்று எலும்பை வைத்துச் சொல்ல முடியாது என்றும் எழுதியிருந்தார்கள். போலீஸ் வாய்க்கால் கரையைத் தோண்டியதில் இன்னும் சில எலும்புகள் கிடைத்தன. அவை கிடந்தது, அந்த ஐப்பசியில் உடைப்பு எடுத்த இடத்தில். மறுநாளே ஊர் கூடி மண்மூட்டை அடுக்கி, மேலே மண் கொட்டி, திமிசு போட்டு இறுக்கிய இடம் அது. அவரை ஒரு வாரம் தேடியவர்கள் அந்தக் கரையின் மேல்தான் நடந்து போய்த் தேடினார்கள்.

புதன்கிழமை விடியும்போது பேருந்து நிறுத்தத்தில் இரண்டு பேனரும் இல்லை. கட்டியிருந்த சவுக்குக் கம்புகளைக்கூடப் பிடுங்கிவிட்டார்கள். பந்தல் இருந்த இடத்தில் மஞ்சள் நீர் தெளித்து, ஐயரை வைத்துத் தோஷம் கழித்தார்கள். எந்தத் தோஷம் என்று ஐயரும் கேட்கவில்லை. குங்குமச் சிமிழில் இருந்த முன்பல்லை யாரும் கேட்காமலே தலைவர் காவல் நிலையத்தில் ஒப்படைத்தார். சிமிழை அவர் வீட்டில் புளி போட்டுத் தேய்த்ததை நானே பார்த்தேன். அபிஷேகப் பாலைப் பிரசாதமாகக் குடித்தவர்கள் பாடுதான் திண்டாட்டம். குடித்ததை எதைப் போட்டுத் தேய்ப்பது?

வெள்ளிக்கிழமை தெற்குத் தெருக்காரர்களின் இடுகாட்டில் அடக்கம். எங்கள் வட்டத்திலிருந்து மூன்று பேர் போனோம். தலைவரும் வந்தார். பத்திரிகைக்காரன் ஒருவன் வருவதாகக் காதில் விழுந்திருந்தது. சின்ன மாலை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து, பெட்டியின் மேல் போடாமல் பக்கத்தில் வைத்தார். அந்த அம்மாள் கல் மாதிரி உட்கார்ந்திருந்தார். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. மண் தள்ளி முடிந்ததும் எழுந்து தலைவரிடம் வந்தார்.

"ஐயா, பாலக்காட்டுல பாத்தேன்னீங்களே."

"ஏம்மா, அது எப்பயோ... கூட்டத்துல அந்தச் சாயல்ல யாரோ..."

"சாயல்னு சொல்லலீங்க. பரோட்டான்னீங்க. சால்னான்னீங்க. கைய ஆட்டிக் கூப்புட்டேன், மூஞ்சத் திருப்பிக்கிட்டான்னீங்க. பக்கத்துல செவப்பா ஒருத்தி இருந்தான்னீங்க. அவள நான் இருபது வருசமா வையிறேங்க. இல்லாத ஒருத்திய."

"அம்மா, விடும்மா" என்றாள் மகள்.

"நீ சும்மா இரு. ஐயா, அன்னிக்கு ராத்திரி மழையில வந்து, கரையப் பாக்கணும் வாடான்னு எங்க வீட்டுக்காரரக் கூட்டிக்கிட்டுப் போனது உங்க அப்பாருங்க. பதினஞ்சு நாளு கழிச்சுப் பாலக்காட்டுல பாத்தது நீங்க."

தலைவர் கைகளைக் கூப்பினார். மேடையில் மாலை வாங்கும்போது கூப்புகிற அதே கூப்பல். "மன்னிச்சுக்கம்மா."

"மன்னிப்பு எனக்கு எதுக்குங்க, அத வச்சு நான் என்னா பண்றது? டீக்கடையிலதான சொன்னீங்க? அங்க வந்து பாக்கலன்னு சொல்லுங்க."

அவர் எங்களைப் பார்த்தார். நாங்கள் மூன்று பேரும் வரப்பைப் பார்த்தோம். பத்திரிகைக்காரன் கைப்பேசியை எடுத்ததும் அவர் நடக்க ஆரம்பித்தார்.

டீக்கடையில் நல்ல கூட்டம். தலைவர் தொண்டையைச் செருமினார். "ஆய்வு முடிவுகளின் அடிப்படையில், முன்னர் நிலவிய ஒரு கருத்தானது..."

"எல்லாருக்கும் புரியிற மாதிரி சொல்லுங்கய்யா" என்றார் அந்த அம்மாள்.

தலைவர் தரையைப் பார்த்தார். "பாலக்காட்டுல... நான் இவங்க வீட்டுக்காரர பாக்கல."

டீ மாஸ்டர் ஆற்றிக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்தார். "அப்ப யாரத்தான் சார் பாத்தீங்க?"

"பாலக்காட்டுக்கே நான் போனதில்லப்பா."

 டீ மாஸ்டர் ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தினார். அந்த அம்மாள் பெஞ்சில் உட்கார்ந்தார். "மாமா" என்று ஒரு குரல் கூப்பிட்டார், பக்கத்து வயலில் இருக்கும் புருஷனைக் கஞ்சிக்குக் கூப்பிடுவது மாதிரி. பிறகு சத்தம் போட்டு அழ ஆரம்பித்தார்.