நான்காவது சில்லு

இது கட்டிச் சொன்ன கதை அல்ல. போன ஓகஸ்ட் மாதம், அக்குறணையில், மாத்தளை வீதியிலிருந்து மேலே ஏறும் ஒரு சந்தில் நடந்தது. நடந்தது இல்மாவுக்கு. பேராதனையில் பௌதிகம் படித்தவள். எதையும் நேரத்தோடு கொப்பியில் எழுதிவைக்கிற பழக்கக்காரி. இதில் வரும் நேரமெல்லாம் அவள் எழுதிவைத்ததுதான். நம்பாதவர்கள் நம்பவேண்டாம். ஆனால் இல்மா பொய் சொல்லிக் கேட்டவர்கள் இல்லை. ஒரே ஒரு பொய்யைத் தவிர... அதைத்தான் முதலில் சொல்லவேண்டும்.

வாகனச் சாமான் எதுவும் கிடைக்காமல் போன அந்த வருடத்தில்தான் இல்மா ஸ்பேனரைக் கையில் எடுத்தாள். ஃபோனில் வீடியோ பார்த்து வாப்பாவின் பழைய காருக்கு ஒயில் மாற்றினாள். பிறகு பிளக். பிறகு பிரேக். வீட்டுக்கு ஆள் வந்தால் அறைக்குள் போய் ஒளிந்துகொள்கிறவள் அவள். காருக்கு அடியில் கிடந்தால் யார் முகத்தையும் பார்த்துப் பேசத் தேவையில்லை. அது அவளுக்குப் பிடித்திருந்தது. வாப்பா மஹ்மூத், தன் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொன்னார்.

கீழறையில் வாடகைக்கு இருந்தவர்கள் லெட்சுமணனும் அவர் மனைவி கமலமும். கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்கள். வாப்பாவின் கடைச் சாமான்களைத் தன் வேனில் ஏற்றிக்கொண்டு ஹேவாஹெட்டத் தோட்டக் கடைகளுக்குப் போய்வருவது லெட்சுமணனின் தொழில். ஒரு நாள் அவருடைய வேனின் முன் வலது சில்லுக்குப் போகும் பிரேக் குழாய் வெடித்துவிட்டது. கராஜில் ஒரு கிழமை காத்திருக்கச் சொன்னார்கள்.

"நம்ம வீட்டுலயே இஞ்சினியரம்மா இருக்காங்க, நான் எதுக்குங்க கராஜுக்கு?" என்றார் லெட்சுமணன்.

இல்மா குழாயை மாற்றினாள். மாற்றினால் உள்ளே காற்றுப் புகுந்துவிடும். அதை நான்கு சில்லுகளிலும் வெளியே எடுக்கவேண்டும். தனியாளாகச் செய்வது கஷ்டம். ஒருவர் சீட்டில் இருந்து பெடலை மூன்று தரம் அமத்தி, அப்படியே பிடித்துக்கொள்ளவேண்டும். மற்றவர் சில்லுக்குப் பின்னால் இருக்கிற சின்ன நிப்பிளைத் திறந்து, காற்றும் ஒயிலும் வெளியே வந்ததும் மூடவேண்டும். மூடிய பிறகு "விடுங்க" என்று சொல்லவேண்டும். அதுவரைக்கும் காலை எடுக்கக்கூடாது. எடுத்தால் காற்று திரும்ப உள்ளே போய்விடும்.

அன்றைக்கு நல்ல மழை. தகரக் கூரைக்குக் கீழே ஒருவர் குரல் மற்றவருக்குக் கேட்கவில்லை.

"ஒங்க சத்தம் எறும்பு சத்தம் தங்கச்சி. நீங்க கத்துங்க, நான் தட்டுறேன். ஒரு தட்டுன்னா புடிச்சிட்டேன். ரெண்டு தட்டுன்னா விட்டுட்டேன்."

சீட்டில் இருந்த லெட்சுமணனின் கையில் கனமான செப்பு மோதிரம். கதவின் உட்பக்கத்தில் அதனால் தட்டுவார்.

டொக்.

"விடுங்க!"

டொக். டொக்.

பின் இடது முடிந்தது. பின் வலது முடிந்தது. முன் இடதும் முடிந்தது. ஒவ்வொன்றுக்கும் கொப்பியில் ஒரு சரி போட்டாள். மிச்சம் முன் வலது. குழாய் மாற்றிய அதே சில்லு.

அப்போதுதான் சந்தில் ஒரு வாகனம் ஏறி வரும் சத்தம் கேட்டது. அப்போது நேரம் ஐந்து பத்து.

"இல்மா! மாப்பிள வீட்டாக்கள் வந்துட்டாங்க!" உம்மா ஜன்னலால் கத்தினார். "அந்தக் கோலத்தோட முன்னுக்கு வந்துராத!"

முழங்கை வரை கிறீஸ். இல்மாவுக்கு முகம் எரிந்தது. சில்லை மாட்டி நட்டை இறுக்கினாள். கொப்பியை எடுத்தாள்.

"முடிஞ்சி, அண்ணன்."

அதுதான் அந்தப் பொய்.

லெட்சுமணன் பெடலை ஒரு தரம் அமத்திப் பார்த்தார். "கொஞ்சம் பஞ்சு மாதிரி கெடக்கே தங்கச்சி..."

இல்மா தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் பின்வாசலால் ஓடினாள். காலையில் மிச்சத்தைச் செய்யலாம் என்று நினைத்தாள். வந்தவர்கள் சாயா குடித்துவிட்டுப் போனார்கள். திரும்பப் பதில் வரவில்லை.

காலையில் அவள் எழும்பியபோது வேன் இல்லை. நாலரைக்கே போய்விட்டார்.

ஹேவாஹெட்டவிலிருந்து இறங்கும் வழியில், ஒரு வளைவில், வேன் தேயிலைக்குள் போனது. லெட்சுமணன் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து, கண் திறக்காமலே செத்துப்போனார். மழை என்றார்கள். பாதை வழுக்கல் என்றார்கள். எல்லாரும் அதையே சொன்னார்கள். ஒயிலை அமத்தினால் சுருங்காது, காற்று சுருங்கும்; சுருங்கினால் பிரேக் பிடிக்காது. இதை டியூஷன் பிள்ளைகளுக்கு எத்தனையோ தரம் விளங்கப்படுத்திய இல்மா ஒன்றும் சொல்லவில்லை. அடக்கம் முடிந்த அன்று கொப்பியை எடுத்து, வெறுமையாகக் கிடந்த நான்காவது கட்டத்தில் ஒரு சரி போட்டாள். அதே பேனையால்.

கமலம் கலஹாவுக்கே திரும்பிப் போனார். போகும்போது இல்மாவின் கையைப் பிடித்தார். "ஒங்க மேல அவருக்கு ரொம்ப மரியாத தங்கச்சி."

பதினொரு மாதம் இல்மா ஸ்பேனரைத் தொடவில்லை.

ஓகஸ்டில் வாப்பாவின் காரில் பிரேக் கத்தத் தொடங்கியது. "நீ ஈக்கிற நேரம் கராஜுக்கு ஏன் மகள்?" என்று வாப்பா திரும்பத் திரும்பக் கேட்டார். மறுத்தால் காரணம் சொல்லவேண்டும். இல்மா செய்தாள்.

சனிக்கிழமை. வாப்பாவும் உம்மாவும் மாத்தளையில் ஒரு கலியாணத்துக்குப் போயிருந்தார்கள். தங்கச்சி றிப்தா பெடலுக்கு உட்கார்ந்தாள். பதினெட்டு வயது. ஒரு கண் ஃபோனில்.

"அமத்து!"

"புடிச்சீக்கி ராத்தா!"

"விடு!"

5.48, பின் இடது. 5.57, பின் வலது. ஆறு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. 6.11, முன் இடது.

6.19. முன் வலது.

இல்மா சில்லுக்குப் பக்கத்தில் குந்தினாள். தலைக்கு மேலே சாரதிக் கதவு. நிப்பிளில், உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குழாயைப் பொருத்தினாள். மழை தகரத்தில் கொட்டியது.

"அமத்து!"

பெடல் சத்தம் கேட்டது. புஸ்க்... புஸ்க்... புஸ்க்...

இதுவரை றிப்தா வேகமாக அமத்தினாள். இது மெதுவாக இருந்தது.

சீட்டு கிறீச்சிட்டது. பாரமான ஆள் அசைகிற மாதிரி. ஜெக்கில் நின்ற கார் ஒரு விரற்கடை கீழே பதிந்தது.

றிப்தா நாற்பது கிலோகூட இல்லை.

"புடிச்சியா?"

பிறகு...

டொக்.

கதவின் உட்பக்கத்தில். ஒரு தரம்.

கை பழக்கத்தில் நிப்பிளைத் திறந்துவிட்டது. குழாயில் குமிழிகள் வந்தன. அந்தக் காரில் அந்தப் பக்கம் காற்று இருக்க வழியே இல்லை. ஆனாலும் வந்தன. வந்துகொண்டே இருந்தன. பிறகு ஒயில் கறுப்பாக வந்தது. பிறகு... சேற்றுத் தண்ணீர்.

நிப்பிளை மூடினாள்.

அப்போது பள்ளியில் பாங்கு சொன்னார்கள். 6.24.

அதே நேரம் வீட்டுக்குள் விளக்கு எரிந்தது. குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம்.

"ராத்தா!" குசினி ஜன்னலில் றிப்தா. "தொழ வுளூ செய்ய போறேன்னு அப்பவே சொல்லிட்டு வந்தேனே, கேக்கலியா? இன்னும் அங்க என்னா செய்ற?"

இல்மா அசையவில்லை.

காருக்குப் பின்னால் இருந்த சுவர் சிவப்பாக இருந்தது. பிரேக் விளக்கு.

பெடல் இன்னும் அமந்திருந்தது.

டொக்.

திரும்பவும். ஒரு தரம்.

அவள் தலையை நிமிர்த்தவில்லை.

ஒரு சொல் சொல்லவேண்டும். அது அவளுக்குத் தெரியும்.

வாய் திறக்கவில்லை.

ஓடினாள்.

அறை ஜன்னலால் பார்த்தால் சுவர் தெரியும். ஏழு மணிக்கும் சிவப்பு. இஷாத் தொழுகை முடிந்தும் சிவப்பு. வாப்பா வந்து பார்த்தார். காருக்குள் யாரும் இல்லை, பெடல் அடியோடு ஒட்டிக் கிடந்தது என்றார். கையால் இழுத்தார். மேலே வரவில்லை. பெட்டரியைக் கழற்றி உள்ளே கொண்டுவந்து வைத்தார். அப்போதுதான் சுவர் இருண்டது.

செவ்வாய்க்கிழமையும் பெடல் அப்படியே கிடந்தது. இல்மா கொப்பியை எடுத்துக்கொண்டு, பேராதனையில் கலஹா பஸ் ஏறினாள்.

கமலம் தோட்டத்து லயத்தில் தன் வீட்டு வாசலில் நின்றார். முகம் மலர்ந்தது. "வாங்க வாங்க. என்னா இவ்வளவு தூரம்?"

இல்மா உட்காரவில்லை. கொப்பியைத் திறந்து நான்காவது சரியைக் காட்டினாள். நின்றபடியே எல்லாம் சொன்னாள். சனிக்கிழமை நடந்ததையும் சொன்னாள். வாழ்க்கையில் அவள் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதில்லை.

கமலம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேசினார்.

"அவருக்குத் தெரியும்."

இல்மா நிமிர்ந்தாள்.

"மூணு சில்லுக்குத்தான் அமுக்கச் சொன்னுச்சி, நாலாவதுக்கு கூப்புடலயேன்னு அன்னைக்கி ராத்திரியே சொன்னாரு. போயி கேளுங்கன்னேன். விருந்தாளுக இருக்காங்க, கேட்டா புள்ளைக்கி வெக்கமாயிரும்னாரு."

இல்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆஸ்பத்திரில கண்ணே தொறக்கலங்க. வலது காலு மட்டும் கட்டில் கம்பிய அமுக்கிக்கிட்டே கெடந்துச்சி. வெறச்சிப்போயி. நர்ஸம்மா எறக்கி வைக்கப் பாத்தாங்க, ஏலல. அப்பப்ப மோதிரத்தால கம்பியில ஒரு தட்டு தட்டுவாரு. ஒண்ணே ஒண்ணு. தட்டிப்புட்டு காத்துக்கிட்டு கெடப்பாரு. திரும்ப ஒண்ணு. ரெண்டு நாளும் அதேதான். என்னா வேணும் என்னா வேணும்னு நான் கேட்டுக்கிட்டே இருந்தேன்... எனக்கு அந்த வார்த்த தெரியல."

மழைத் தண்ணீர் கூரையிலிருந்து பீலிக்குள் விழுந்தது.

"சொல்லு," என்றார் கமலம். முதல் தரமாக ஒருமையில். "இப்ப சொல்லு."

இல்மா சுவரில் இருந்த லெட்சுமணனின் படத்தைப் பார்த்தாள்.

"விடுங்க, அண்ணன்."

ஒன்றும் நடக்கவில்லை. பழக்கத்தில் மணிக்கூட்டைப் பார்த்தாள். 12.17.

கமலம் கொப்பியை மூடினார். திருப்பித் தரவில்லை. "ஒன்றரைக்கு பஸ்ஸு இருக்கு," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. இல்மாவும் கேட்கவில்லை.

பஸ் நிற்கிற இடத்தில் ஃபோன் அடித்தது. றிப்தா.

"ராத்தா, வாப்பாட கார்ட பெடல் மேல வந்தீக்கி. தன்னால."

இல்மா ஃபோனைக் காதோடு அமத்திக்கொண்டாள்.

"யாரோ கார் கதவ தட்டின சத்தம் கேட்டுத்தான் போய்ப் பாத்தேன். அங்க ஆளே இல்ல."

"எத்தன மணிக்கு?"

"லுஹருக்கு பாங்கு சொல்லி முடிஞ்ச கையோட. பன்னண்டு பதினேழு, பதினெட்டு ஈக்கும். ஏன்?"

"எத்தன தரம் தட்டின?"

"ரெண்டு."